பெயர்களைக் காக்கும் படிப்பு

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பாலியல் பன்மைக் கற்கையை முதன்மைப் பாடமாக எடுத்த எங்களுக்கு முதலில் தரப்பட்ட வேலை, ஒரு சட்டப் பிரிவை வாசிப்பது. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 1969இல் வந்த திருத்தம் அது. ஒருபாலாரின் உறவைக் குற்றமாக எண்ணுவதை நிறுத்திய சட்டம் என்று இன்றும் போற்றப்படுவது. பேராசிரியர் அந்தப் பக்கத்தின் பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, “இது யாரை விடுவிக்கிறது, யாரை விடவில்லை? அடுத்த வகுப்புக்கு எழுதி வாருங்கள்” என்றார்.

வாசிக்க இரண்டு நிமிடம் போதும். எழுதத்தான் நேரம் எடுத்தது. சட்டம் விலக்களித்தது கணவன் மனைவிக்கும், 21 வயது நிரம்பிய இரண்டு பேருக்கும். அதுவும் தனிமையில் நடந்தால் மட்டும். மூன்றாவது ஆள் அங்கே இருந்தால் அது தனிமை ஆகாது. 20 வயது இளைஞனுக்கு விலக்கு இல்லை. ஒரே அறையில் நாலைந்து பேராக வாடகைக்கு இருப்பவருக்கு, பூட்டிக்கொள்ளச் சொந்தக் கதவு இல்லாதவருக்கு, விலக்கு தாளில் மட்டுமே இருந்தது. குற்றம் என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கவேயில்லை; அதில் ஒரு சிறிய வாசலை மட்டும் திறந்திருந்தார்கள். அந்த வாசலின் அகலத்தை அளக்கத்தான் எங்களைப் பழக்கினார்கள்.

எவரெட் கிளிப்பர்ட் என்பவரின் வழக்கை அந்தத் திருத்தத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். கல்கரியில் பேருந்து ஓட்டியவர். பின்னர் வடமேற்குப் பிரதேசத்தில் பைன் பொயின்ற் என்ற சுரங்க ஊரில் மெக்கானிக்குக்கு உதவியாளராக இருந்தார். 1965இல் அங்கே நடந்த ஒரு தீவைப்புப் பற்றிப் பொலிஸார் அவரை விசாரித்தனர். தீக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. ஆனால் சில ஆண்களோடு, அவர்களின் சம்மதத்துடன், தனக்கு உறவு இருந்ததை அந்த விசாரணையில் சொன்னார். மூன்று ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதோடு முடியவில்லை. மனநல மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்தனர். அவர் யாரையும் வருத்தியதாக ஒரு சான்றும் இல்லை. ஆனாலும் வெளியே விட்டால் மறுபடியும் இதையே செய்வார் என்று காரணம் காட்டி, ‘ஆபத்தான பாலியல் குற்றவாளி’ என அறிவித்துக் காலவரையின்றி உள்ளே வைத்தார்கள். 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களில் மூவர் அதைச் சரி என்றனர். அந்தத் தீர்ப்பு நாட்டில் எழுப்பிய கொதிப்பும் 1969 திருத்தத்துக்கு ஒரு காரணம். திருத்தம் வந்தது. கிளிப்பர்ட் வெளியே வரவில்லை. 1971 ஜூலை வரை சிறையிலேயே இருந்தார்.

இந்த வழக்கின் தீர்ப்பை வாசிக்க எங்களுக்கு ஒரு முறை சொல்லித் தந்தார்கள். நிறப் பென்சில்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பொலிஸாரின் பேச்சுக்கு ஒரு நிறம், மருத்துவர்களுக்கு ஒன்று, நீதியரசர்களுக்கு ஒன்று, வழக்கில் அகப்பட்ட மனிதருக்கு ஒன்று. பக்கம் பக்கமாகக் கோடிட்டு முடித்த பிறகு தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். யாருடைய நிறம் நிறைந்திருக்கிறது, யாருடையது அருகிப்போயிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். கிளிப்பர்ட்டின் நிறம் சில வரிகளில்தான் இருந்தது. அவர் சொன்னவையாக அங்கே இருப்பவையும் பொலிஸாரின் கைவழியாகத் தாளுக்கு வந்தவை. இந்தப் படிப்பைக் கருத்துச் சொல்லும் படிப்பு என்று நினைப்பவர்கள் அந்தப் பென்சில் வேலையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரை படித்துவிட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவள். இந்தக் கற்கைநெறி எங்கள் பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி கொலிஜில் 1998இல் தொடங்கியது. அங்கே சேர்ந்தேன் என்று சொன்னதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி எல்லா வீடுகளிலும் எழுவதுதான்: “உதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறாய், பிள்ளை?” அப்பாவின் கேள்வியில் பிழை இல்லை. இரண்டு வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தவர் கேட்கத்தான் வேண்டும். எனக்கு முன்னே படித்து முடித்தவர்களில் சட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, பொதுச் சுகாதாரத்துக்கும் சமூகப் பணிக்கும் ஆசிரியத்துக்கும் போனவர்கள் உண்டு. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு கேட்கவில்லை.

முதலாண்டின் முடிவில் எழுதும் கட்டுரைக்கு இலங்கைச் சட்டத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் 1883இல் இயற்றியது. அதன் 365அ பிரிவு ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான ‘மிக மோசமான இழிசெயல்’ என்பதைக் குற்றமாக்கியது. பகிரங்கத்தில் நடந்தாலும் தனிமையில் நடந்தாலும் குற்றம். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை. கனடா 1969இல் திறந்த தனிமை என்ற வாசல் அங்கே முதலிலேயே அடைபட்டிருக்கிறது. 1995இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். ஆண் என்று இருந்த இடத்தில் எவருக்கும் பொருந்தும் சொல்லைப் போட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பால்பேதம் நீங்கியது போலத் தோன்றும். நடந்தது வேறு: அதுவரை அந்தப் பிரிவுக்கு வெளியே இருந்த பெண்களும் குற்றவாளிகளாகும் நிலைக்கு வந்தார்கள். கனடாவும் 1950களில் தன் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இதையேதான் செய்தது. 1890இலிருந்து ஆண்களை மட்டும் குறித்த இதே குற்றம் அப்போது எல்லோருக்கும் உரியதானது. ஒரே பேரரசின் சட்ட மரபு தொலைவிலுள்ள இரு நாடுகளில், நாற்பது ஆண்டு இடைவெளியில், ஒரே விதமாக வளர்ந்திருப்பதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த இரவில்தான் இந்தப் பாடம் எனக்கு உரியது என்று உறுதியாகத் தெரிந்தது. சமத்துவமாக ஒலிக்கும் ஒரு வரி யாருடைய தலையில் போய் விழுகிறது என்று பார்க்காமல் எந்தச் சட்டத்தையும் இன்றைக்கு என்னால் வாசிக்க முடிவதில்லை.

கோட்பாட்டு நூல்கள் இரண்டாமாண்டில் வந்தன. ஃபூக்கோ, ஜூடித் பட்லர் எல்லாம் கடினம்தான். ஆனால் வழக்குகளைப் படித்துக் கைபழகியவர்களுக்கு அந்த நூல்கள் பேசும் இடம் தெரிந்திருக்கும். நேரே பட்லரிலிருந்து தொடங்கும் மாணவர்கள் சொற்களைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வழக்கிலிருந்து கோட்பாட்டுக்குப் போகும் வழியே எனக்கு நல்ல வழி என்று படுகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அந்த வழியில்தான் போனார். அவருடைய 1989ஆம் ஆண்டுக் கட்டுரை அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்கிறது. அந்த நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிற்பாடு ஆட்குறைப்பு வந்தபோது பணிமூப்பு இல்லாதவர்களை முதலில் நிறுத்தினார்கள்; 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோரும் வேலை இழந்தார்கள். நீதிமன்றம் 1976இல் என்ன சொன்னது? பெண்களை நிறுவனம் எடுத்திருக்கிறது, ஆகவே பால்பேதம் இல்லை. இனபேதம் என்றால் தனியாக வழக்காடலாம். இரண்டையும் சேர்த்து ஒரு புதிய வகையை உண்டாக்க முடியாது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர். எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டு பட்டியலுக்கும் நடுவே ஐந்து பெண்கள் காணாமற்போனார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு, பேதங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பேசும் கிரென்ஷாவின் கோட்பாட்டை யாரும் எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை. சாதியும் சீதனமும் ஒன்றாக அழுத்தும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பழகிய வலி.

ஆவணக் காப்பகத்தில் பழகியது இவை எல்லாவற்றிலும் பெரிய பயிற்சி. ரொறன்ரோவின் இசபெல்லா வீதியில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது ஆர்க்கைவ்ஸ் எனப்படும் காப்பகம். ‘த பொடி பொலிற்றிக்’ என்ற ஒருபாலார் விடுதலை இதழை நடத்தியவர்கள், தங்களிடம் சேர்ந்த காகிதங்களைக் காக்க 1973இல் தொடங்கியது. அந்த இதழ் 1971 முதல் 1987 வரை வந்தது. காப்பக வேலைக்கு ஒழுங்குகள் உண்டு. பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கோப்பு. தாள்கள் இருந்த வரிசை குலையக் கூடாது. அந்த வரிசையும் ஒரு செய்தி. எடுத்த இடத்தில் அடையாளத் தாள் வைக்க வேண்டும். துண்டுப் பிரசுரத்தின் முகப்பைப் பார்த்த பிறகு முதுகையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கூட்டத்துக்கு வந்த யாரோ அங்கே பேருந்து நேரத்தையோ தொலைபேசி எண்ணையோ குறித்து வைத்திருப்பார்கள்.

அப்படிக் குறித்த எண்ணும் பெயரும் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதே அங்கே படிக்கும் பாடத்தின் மையம். 1977 டிசம்பர் 30 அன்று பொலிஸார் அந்த இதழின் அலுவலகத்துக்குள் புகுந்து பன்னிரண்டு பெட்டி நிறையக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சந்தாதாரர் பட்டியலும் அதில் போனது. இதழை நடத்தியவர்கள் மீதான வழக்கு 1979இலும், மீண்டும் விசாரிக்கப்பட்டு 1982இலும், விடுதலையில் முடிந்தது. ஆனால் தபாலில் இதழ் பெற்ற ஒவ்வொருவரும், தன் பெயர் பொலிஸ் மேசையில் கிடக்கிறது என்ற நினைப்போடு அந்த ஆண்டுகளைக் கழித்திருப்பார். 1981 பெப்ரவரி 5 இரவு, ரொறன்ரோவில் ஆண்கள் கூடும் குளியல் இல்லங்களில் பொலிஸார் ஒரே நேரத்தில் புகுந்து ஏறத்தாழ முந்நூறு பேரைக் கைது செய்தார்கள். மறுநாள் இரவு மூவாயிரம் பேர் வரை தெருவில் இறங்கினார்கள். அந்த ஊர்வலத்தின் படங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். கைதானவர்களில் வீட்டுக்குப் போய் மனைவியிடமும் மேலாளரிடமும் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்களைப் பற்றி யார் எழுதினார்கள் என்று கேட்கப் பழக்கியது இந்தப் படிப்பு. பெயர் வெளியாவது என்பது அந்தக் காலத்தில் வேலை போவது, வீடு போவது.

ஆகவே எங்களுக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. பொதுவாழ்வில் நின்று, தன் பெயரோடு பேசியவரின் பெயரை எழுதலாம். எழுதத்தான் வேண்டும், அந்தத் துணிவு அவருக்கு உரியது. கைதுப் பட்டியலில் அகப்பட்டவரின் பெயர் ஐம்பது ஆண்டு பழைய செய்தித்தாளில் அச்சாகியிருந்தாலும் நாங்கள் மறுபடி அச்சிடுவதில்லை. ஒரு முறை அவரைக் காட்டிக்கொடுத்த தாளை இரண்டாம் முறை நாம் வாசித்துக் காட்டுவதற்கு உரிமை இல்லை. ஆய்வு என்ற பெயரில் அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

எண்ணும் கலையிலும், காட்டுவதா காப்பதா என்ற இதே கேள்வி வந்தது. 2021 குடிசன மதிப்பீட்டில் கனடா முதன்முறையாக இரண்டு கேள்விகளை அடுத்தடுத்து வைத்தது: பிறக்கும்போது குறிக்கப்பட்ட பால் எது, இப்போதைய பாலினம் எது. இரண்டாவதில் ஆண், பெண் என்ற கட்டங்களோடு, தாமே எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக்கோடும் இருந்தது. அப்படித் திரட்டிய எண்களை வெளியிட்ட முதல் நாடு கனடாதான். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 3 கோடியே 5 இலட்சம் பேரில் 59,460 பேர் திருநங்கையர், திருநம்பியர். 41,355 பேர் இரண்டுக்கும் உட்படாதவர்கள். புள்ளிவிபரவியல் வகுப்பில் எங்களிடம் கேட்டது: இந்த எண் எப்படிப் பிறந்தது? வீட்டில் ஒருவரே எல்லோருக்காகவும் படிவத்தை நிரப்புகிறார். தகப்பனிடம் இன்னும் சொல்லாத பிள்ளை தகப்பனின் பேனாவால் எண்ணப்படுகிறது. அடுத்தது, சிறிய ஊர்களின் அட்டவணைகளில் இந்த எண்களைத் தனியாகக் காட்டுவதில்லை. ஆண்கள், பெண்கள் என்ற இரு பகுதிகளுக்குள் பகிர்ந்து கலந்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் ‘ஒருவர்’ என்று அச்சிட்டால் அந்த ஒருவரை ஊரே கைகாட்டும். காப்பதற்காக மறைக்கிறார்கள். மறைத்ததால் அந்த ஊரில் அப்படி ஒருவரும் இல்லை என்று நகரசபை நினைத்துக்கொள்கிறது. எது சரி என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நான் காக்கும் பக்கம் நின்றேன். இப்போதும் நிற்கிறேன், ஆனால் மறுபக்கத்தின் நியாயம் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்றாமாண்டில் வாய்மொழி வரலாறு. 1980களிலும் 90களிலும் வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்த்த எங்கள் பெண்களோடு பேசுவது என்று முடிவு செய்தேன். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுக்குக் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ‘உங்களுக்கு வீட்டில் சுதந்திரம் இருந்ததா?’ என்பது போன்ற கேள்விகளைப் பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துவிடச் சொன்னார். அப்படிக் கேட்டால் விருந்தாளிக்குச் சொல்லும் பதில்தான் வரும் என்றார். பொருளைக் கேள், நேரத்தைக் கேள், காசைக் கேள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், யார் சமைத்தது, பஸ் பாஸை யார் வாங்கித் தந்தது.

ஒரு அன்ரியிடம் கேட்டேன்: “சம்பளக் காசு ஆரிட்ட இருந்தது, அன்ரி?”

“அது அவரிட்டத்தான். பாங்க் புத்தகமும் அவற்ற பேரிலதான். ஆனா சீட்டுக்காசு என்ர.”

அந்தச் சீட்டிலிருந்து ஒரு பெரிய வரலாறு எழும்பி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையின் உணவறையில் பெண்கள் கூடி மாதாமாதம் கட்டிய சீட்டு. அதில் ஒருத்தி தங்கச்சியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள், ஒருத்தி அடிக்கிற கணவனை விட்டு வெளியேறி முதல் மாத வாடகை கட்டினாள். எந்த வங்கியிலும் எந்த அரச கணக்கிலும் இது இல்லை. கேள்வி சரியாக அமைந்தால் பெண்களின் அதிகாரம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவர்களே காட்டித் தருவார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதும் பயிற்சிதான். அவர் நிறுத்தும்போது நாம் இட்டு நிரப்பக் கூடாது. மூச்சு விட்டு, அவர் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

அதே அன்ரி ஒரு நாள், கேட்காமலே, தன் ஊரில் கலியாணம் கட்டாமல் ஒரே வீட்டில் கடைசிவரை வாழ்ந்த இரண்டு ஆசிரியைகளைப் பற்றிச் சொன்னார். “ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்தவை. ஒராள் செத்தாப் பிறகு மற்றவ சரியாச் சாப்பிடேல்லை.” அவ்வளவுதான் சொன்னார். எழுத்தாக்கிய பிரதியைப் பேராசிரியரிடம் கொடுத்தபோது அந்த இடத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியுமா?’ தெரியாது. அதனால் நான் எந்தப் பெயரும் சூட்டவில்லை. அன்ரியின் இரண்டு வாக்கியங்களையும் அப்படியே வைத்தேன். அந்த இரு பெண்களும் காதலர் என்று எழுதுவதற்கும், வெறும் தோழிகள் என்று எழுதுவதற்கும் ஒரே அளவு சான்றுதான் என்னிடம் இருந்தது. ஊர்க்காரர் இரண்டாவதை யோசிக்காமல் எழுதுவார்கள் என்பதால் நான் முதலாவதை யோசிக்காமல் எழுதிவிட முடியாது. அவர்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள், ஒருவர் இல்லாமல் மற்றவருக்குச் சோறு இறங்கவில்லை. அது பதிவில் நிற்கட்டும்.

இந்த வேலை எதுவும் எங்களுக்குப் புதிதல்ல என்பதை நான் தெரிந்துகொண்டது ரொறன்ரோவில். யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் என்ற அமைப்பு 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்தது. போரின் நடுவே, பெண்ணிலைவாதம் பேசவும் படிக்கவும் ஒரு வட்டம் அங்கே இருந்தது. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, போருக்குள் அகப்பட்ட பெண்களின் அனுபவங்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதினார். அவரும் மூவரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ 1990இல் நூலாக வந்தது. அவர் அதைக் காணவில்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். நான் ஏ.எல். படித்தபோது இந்தப் பெயர்கள் எதுவும் பாடத்தில் இல்லை. எந்த மொழியில் எந்த ஊரில் இதைப் படித்தாலும் எனக்கு முன்னால் நடந்தவர்கள் இவர்கள் என்று இறுதியாண்டு ஆய்வின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது நேர்காணல்களைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு ஆயத்தம் செய்கிறேன். பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் சமூகத்துக்கு அது போதாது. சொந்த ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, வேலை பார்த்த தொழிற்சாலை, போகும் கோயில் என்ற நான்கும் சேர்ந்தால் ஸ்காபரோவில் யாருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். ஊரை மாவட்டமாக்குகிறேன், தொழிற்சாலையை அதன் வகையாக்குகிறேன், கோயிலை எடுத்துவிடுகிறேன். எதை மாற்றினேன் என்ற குறிப்பைத் தனியே பூட்டி வைக்கிறேன். மாற்றிய பிரதியை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் நீக்கச் சொன்னதை நீக்குகிறேன்.

சீட்டுக்காசு அன்ரி முழுவதையும் கேட்டுவிட்டு, “உதையெல்லாம் ஆர் பிள்ளை வாசிக்கப் போகினம்?” என்றார். மாணவர்கள் வாசிப்பார்கள், எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். கணவர் உயிரோடு இருக்கும்வரை திறக்கக் கூடாது, அதன்பின் பேத்தி சம்மதித்தால் திறக்கலாம், ஆசிரியைகள் இருவரின் ஊர் எப்போதும் வெளியே வரக் கூடாது என்றார். மூன்றையும் படிவத்தில் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதி, கையெழுத்து வாங்கினேன். அடுத்த தவணையில் சீட்டுப் பிடித்து நடத்திய பெண்களைத் தேடிப் போகிறேன். கணக்குக் கொப்பிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களாம். அவர்களிடமும் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கும் முன் இந்தப் படிவத்தைத்தான் எடுப்பேன்.